நடக்கிறவனைப் பற்றி இரண்டு புத்தகங்கள்

நகர நிர்மாணம் பற்றிய புத்தகம் என்றால், கதை படிக்கிற நமக்கு அதில் என்ன இருக்கப் போகிறது என்று தோன்றுவது இயற்கை. அளவுகளும் வரைபடங்களும் நிறைந்த அந்தச் சமாசாரம் எஞ்சினீயர்களுக்கும் முனிசிபாலிடிக்காரர்களுக்கும் உரியது என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் நாவல் எழுதுகிறவன் அப்படி ஒதுக்கிவிட முடியாது. அவனுடைய பாத்திரங்கள் வீட்டை விட்டு வெளியே வந்தாக வேண்டும். வந்தவர்கள் நாலு பேரைச் சந்தித்தாக வேண்டும். ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974) கந்தன் என்பவனுடைய ஒரே ஒரு நாள். அவன் தெருவில் திரியாவிட்டால் அந்த நாவலே இல்லை. அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) செகந்திராபாத்தில் வளரும் ஒரு பையனின் கதை. அவனிடமிருந்து சைக்கிளைப் பிடுங்கிவிட்டால் கதையில் பெரும் பகுதி நகராது. காரில் போகிறவன் புறப்பட்ட இடத்தையும் போய்ச் சேர்ந்த இடத்தையும்தான் பார்க்கிறான். நடப்பவனும் சைக்கிள்காரனும் நடுவில் இருப்பதைப் பார்க்கிறார்கள். கதை பெரும்பாலும் அந்த நடுவில்தான் கிடக்கிறது.

இந்தத் தொழில் அக்கறையோடுதான் நான் இரண்டு புத்தகங்களைப் படித்தேன். ஒன்று, ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் 1961ல் எழுதிய 'அமெரிக்கப் பெருநகரங்களின் மரணமும் வாழ்வும்'. மற்றொன்று, டென்மார்க் தேசத்துக் கட்டிடக்கலைஞர் யான் கேல் 1971ல் எழுதிய 'கட்டிடங்களுக்கிடையே வாழ்க்கை'. இரண்டும் உலகம் முழுவதும் பாடப் புத்தகங்களாகிவிட்டவை. பாடப் புத்தகமாகிவிட்ட ஒன்றைப் புகழ்வது சுலபம். அவை நமக்கு எவ்வளவு தூரம் உதவும் என்று பார்ப்பதே என் நோக்கம்.

ஜேக்கப்ஸ் அம்மையார் நகர நிர்மாணத்தில் பட்டம் பெற்றவர் அல்ல. எந்தப் பட்டமும் பெற்றவர் அல்ல. பத்திரிகைகளில் வேலை பார்த்தவர். நியூயார்க்கில் ஹட்ஸன் தெரு என்ற இடத்தில் குடியிருந்து குழந்தைகளை வளர்த்தவர். அந்தக் காலத்து நிபுணர்கள் பழைய பேட்டைகளை இடித்துத் தள்ளி, நடுவே புல்வெளியும் சுற்றிலும் மாடி வீடுகளும் கட்டி, ஊருக்குக் குறுக்கே மோட்டார் சாலைகளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மையார் தம்முடைய வீட்டு ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்தார். தாம் பார்த்ததற்கும் நிபுணர்கள் சொன்னதற்கும் பொருத்தம் இல்லை என்று கண்டார். அந்தப் பொருத்தமின்மைதான் புத்தகம்.

புத்தகத்தில் நடைபாதைக்கு மட்டும் மூன்று அத்தியாயங்கள். பாதுகாப்புக்கு ஒன்று, மனிதர்களின் தொடர்புக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று. முதல் அத்தியாயத்தில் ஒரு சம்பவம் வருகிறது. எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை ஓர் ஆள் தன்னோடு வரும்படி தெருவில் நயந்து கூப்பிடுகிறான். அவள் வர மறுத்துச் சுவரோரமாக விறைத்து நிற்கிறாள். மாடியிலிருந்து பார்க்கும் அம்மையார் இறங்கிப் போய்த் தலையிடலாமா என்று யோசிக்கிறார். அதற்குள் கசாப்புக் கடைப் பெண்மணி வெளியே வந்துவிட்டாள். பழக்கடைக்காரர் வந்துவிட்டார், சலவைக் கடைக்காரர் வந்துவிட்டார். மேல்மாடி ஜன்னல்கள் திறக்கின்றன. அந்த ஆளுக்குத் தெரியாமலே அவனைச் சுற்றி ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. கடைசியில் பார்த்தால் அவன் அந்தப் பெண்ணின் தகப்பன்!

இதை ஒரு சிறுகதைக்காரன் எழுதியிருந்தால் கடைசி வரியைப் பற்றிப் பெருமைப்பட்டிருப்பான். அம்மையாருக்கு அந்த வரி முக்கியமில்லை. யாரும் சொல்லாமலே இத்தனை பேர் வெளியே வந்தார்களே, அதுதான் முக்கியம். அதற்குக் காரணம் அவர்களுடைய நல்ல குணம் மட்டுமல்ல. தெருவை ஒட்டிக் கடைகள் இருந்தன. கடைக்காரருக்குத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதே பிழைப்பு. நாள் முழுவதும் நடந்து போகிறவர்கள் இருந்தார்கள்; அவர்களைப் பார்ப்பதற்காகவே ஜன்னலில் ஆட்கள் இருந்தார்கள். போலீஸ்காரர் செய்ய முடியாத காவலை நடமாட்டம் செய்தது. வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கத்தையும் அவர் எழுதுகிறார். நமக்கு இது புதிதா? மளிகைக் கடை அண்ணாச்சியிடம் சாவி கொடுக்காத குடும்பம் நம் ஊர்களில் ஏது? ஆனால் அந்தச் சாவிக்குப் பின்னால் ஒரு நகர சாஸ்திரம் இருக்கிறது என்று நமக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

குழந்தைகளைப் பற்றிய அத்தியாயத்தில் அவர் ஓர் அளவு சொல்கிறார். நடைபாதை 30, 35 அடி அகலம் இருந்தால் குழந்தைகளின் எந்த விளையாட்டுக்கும் இடம் உண்டாம். நடப்பவர்களுக்கும் மரங்களுக்கும்கூட மிச்சம் இருக்குமாம். நான் குடியிருக்கும் தெருவில் சாலையே அவ்வளவு அகலம் இல்லை என்பதை நினைத்து நான் சிரித்துக்கொண்டேன். ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. பெரியவர்கள் வேலை செய்கிற, வந்து போகிற இடத்தில் விளையாடினால்தான் குழந்தை ஊரைக் கற்றுக்கொள்ளும். வேலி போட்ட பூங்காவில் தனியே விட்டால் கற்றுக்கொள்ளாது என்பது அவர் கட்சி. குழந்தை வளர்த்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. வாஷிங்டன் சதுக்கம் என்ற பூங்காவின் குறுக்கே பெரிய சாலை போட ராபர்ட் மோஸஸ் என்ற சர்வ வல்லமை படைத்த அதிகாரி முயன்றபோது, அந்தப் பேட்டைத் தாய்மார்களோடு சேர்ந்து அவரும் போராடினார். சாலை வரவில்லை. மன்ஹாட்டனின் தென்பகுதியைப் பிளந்துகொண்டு போக இருந்த மோட்டார் சாலையும் 1960களின் முடிவில் கைவிடப்பட்டது. அவர் 1968ல் கானடாவில் டொரான்டோ நகருக்குக் குடிபெயர்ந்து, 2006ல் அங்கேயே காலமானார்.

இவ்வளவு நல்ல புத்தகத்தில் குறை என்ன? வெளிவந்த மறு வருஷமே இரண்டு பெரியவர்கள் குறை சொன்னார்கள். லூயிஸ் மம்ஃபோர்டு, இது பாட்டி வைத்தியம் என்ற தோரணையில் கேலி செய்தார். சமூகவியல் அறிஞர் ஹெர்பர்ட் கான்ஸ் சொன்னதில் சாரம் அதிகம். தெருவும் கட்டிடமும் சரியாக அமைந்தால் வாழ்க்கை தானே அமைந்துவிடும் என்று அம்மையார் நம்புகிறார். ஆனால் அந்தப் பேட்டையின் உயிர்த் துடிப்புக்கு அங்கே குடியிருந்த தொழிலாளர் வர்க்கத்தின் பழக்க வழக்கமும் காரணம் அல்லவா என்று கேட்டார் அவர். காலம் கான்ஸின் பக்கம் சாய்ந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். ஹட்ஸன் தெரு இடியாமல் நிற்கிறது. கட்டிடங்கள் அதே கட்டிடங்கள். ஆனால் கசாப்புக் கடைக்காரரும் சலவைக் கடைக்காரரும் இன்று அங்கே வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியாது. நடப்பதற்கு இனிமையான தெரு என்று பெயர் எடுத்ததே அந்தத் தெருவின் விலையை ஏற்றிவிட்டது. தெருவை யார் காப்பாற்றினார்களோ அவர்களைத் தெரு காப்பாற்றவில்லை. இந்த அபாயத்தைப் புத்தகம் ஓரளவு முன்கூட்டியே சொல்கிறது.

யான் கேலின் புத்தகம் வேறு ஜாதி. அதில் கோபம் இல்லை, கதையும் இல்லை. அளக்கிற புத்தகம் அது. மனோதத்துவம் படித்த தம் மனைவி, கட்டிடக்கலைஞர்களாகிய நீங்கள் ஏன் மனிதர்களைக் கவனிப்பதில்லை என்று கேட்ட கேள்வியே தம்மை இந்த வழியில் திருப்பியது என்று அவர் சொல்வதுண்டு. கோபன்ஹேகன் நகரின் நடுவில் உள்ள ஸ்ட்ரோயெட் என்ற கடைத்தெருவை 1962ல் மோட்டார் வண்டிகளுக்கு மூடினார்கள். டென்மார்க் குளிர் நாடு, நாங்கள் இத்தாலியர்கள் அல்ல, தெருவில் உட்கார எங்களுக்குத் தெரியாது என்று வியாபாரிகள் ஆட்சேபித்தார்கள். இடம் கொடுத்ததும் டேனிஷ்காரர்களும் உட்கார்ந்தார்கள். எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேல் எண்ணிக் கணக்கெடுத்தார்.

அவர் தரும் அளவுகள் கதை எழுதுகிறவனுக்குச் சுவையானவை. 100 மீட்டர் தூரத்தில் ஓர் உருவம் மனிதன் என்று தெரிகிறது. 20, 25 மீட்டருக்குள் வந்தால்தான் முகபாவம் தெரிகிறது. மகிழ்ச்சியா, வருத்தமா என்று புரிகிறது. நம் கண்ணும் காதும் மணிக்கு 5 கிலோமீட்டர் நடைக்கென்று அமைந்தவை. சுமாராக 400, 500 மீட்டர் வரைதான் சாதாரண மனிதர் நடக்க விரும்புகிறார். அதுவும் வழி சுவாரஸ்யமாக இருந்தால் நீள்கிறது, வெறும் மதிலாக இருந்தால் சுருங்குகிறது. ஏறி இறங்குவதை மனிதன் விரும்புவதில்லை. மேம்பாலம் கட்டி வைத்தாலும் குறுக்கே நடந்துதான் கடப்பான். நம் ஊரில் நடைமேம்பாலத்தின் அடியிலேயே ஜனங்கள் சாலையைக் கடப்பதைப் பார்த்து, ஒழுங்கு தெரியாத ஜனங்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். அது ஒழுங்கீனம் அல்ல, மனித சுபாவம் என்கிறார் கேல். காரில் இருப்பவர் சமதரையில் போகலாம், காலால் நடக்கிற கிழவி மட்டும் நாற்பது படி ஏற வேண்டும் என்று விதித்தவருக்கல்லவா ஒழுங்கு தெரியவில்லை!

புத்தகத்தின் மையக் கருத்து ஒன்று உண்டு. வெளியில் மனிதர் செய்யும் காரியங்களை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். பள்ளிக்கூடம், வேலை, கடைக்குப் போவது போன்ற அவசியக் காரியங்கள். உலாவுவது, சும்மா உட்காருவது போன்ற விருப்பக் காரியங்கள். பேசுவது, விளையாடுவது போன்ற கூட்டுக் காரியங்கள். தெரு மோசமாக இருந்தால் இரண்டாவதும் மூன்றாவதும் மறைந்துவிடும். முதலாவது மட்டும் எப்படியும் நடக்கும். அதற்கு வேறு வழி இல்லை.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு நம் ஊரை நினைத்தேன். கேலுக்கு அக்கறை எல்லாம் இரண்டாவதிலும் மூன்றாவதிலும். அவசியக் காரியம் எப்படியும் நடக்கும் என்ற ஒரு வாக்கியத்தோடு முதலாவதைக் கடந்துவிடுகிறார். கோபன்ஹேகனில் அது போதும். நம் நாட்டிலோ சாலையில் நடப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த முதல் வகையைச் சேர்ந்தவர்கள். வீட்டு வேலைக்குப் போகிற அம்மாள், டியூஷனுக்குப் போகிற பையன், பஸ் ஸ்டாப்புக்கு விரைகிற குமாஸ்தா. இவர்கள் எப்படியும் நடப்பார்கள். நடைபாதை இருந்தாலும் நடப்பார்கள், இல்லாவிட்டாலும் நடப்பார்கள். இந்த உண்மையை நம் சாலைக்காரர்கள் கேலைப் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். எப்படியும் நடக்கிறவனுக்கு எதற்குச் செலவு செய்ய வேண்டும்? கார் வைத்திருப்பவர் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுவார். நடப்பவன் ஒன்றும் எழுதுவதில்லை; சாலையில் இறங்கி நடந்துவிடுகிறான்.

அப்படி இறங்கி நடந்ததன் விலை என்ன? மத்திய அரசாங்கத்தின் கணக்குப்படி 2022ஆம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர்கள் 32,825 பேர். ஒரு நாளைக்கு ஏறக்குறைய தொண்ணூறு பேர். இவர்கள் உலாவப் போனவர்கள் அல்ல, அவசியக் காரியமாகப் போனவர்கள்.

நடைபாதை எப்படி அமைய வேண்டும் என்று நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி தடங்கல் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது சுமார் ஆறடி இருக்க வேண்டும். எதிரெதிரே வருகிற இருவர் இடித்துக்கொள்ளாமல் போகலாம். விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நான் தினம் நடக்கும் சாலையில் நடைபாதை முழங்கால் உயரம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அது இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. நடுவே மின்சாரப் பெட்டி, அதற்கப்பால் நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள்கள். ஐம்பது அடிக்குள் ஐந்து முறை ஏறி இறங்க மூட்டுவலி உள்ள எந்தத் தாயாரால் முடியும்? அவள் சாலையில்தான் நடப்பாள். பிறகு, நடைபாதை கட்டிக் கொடுத்தும் ஜனங்கள் உபயோகிப்பதில்லை என்று குறிப்பு எழுதப்படும்.

நியாயமாகச் சொல்வதானால் முயற்சியே இல்லை என்று சொல்லக் கூடாது. சென்னை மாநகராட்சி 2014ல் மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான தன் நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் செலவிடுவது என்பது அதில் ஒரு ஷரத்து. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. பனகல் பார்க் பக்கத்திலிருந்து சாலையைக் குறுக்கி, நடைபாதையை அகலமாக்கி, உட்கார ஆசனங்களும் போட்டார்கள். சாயங்கால வேளைகளில் அங்கே பாட்டிகள் உட்கார்ந்திருப்பதையும், குழந்தைகள் தாயின் கையை உதறிவிட்டு ஓடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். கேல் சொன்னது பொய்யில்லை. இடம் கொடுத்தால் நாமும் உட்காருகிறோம்.

ஆனால் அந்த வளாகத்துக்கு நடந்து போக முடிகிறதா என்பதுதான் என் கேள்வி. சுற்றுத் தெருக்களில் பழைய கதைதான். ஆகையால் நடப்பதற்காகக் கட்டிய இடத்துக்குக் குடும்பங்கள் காரிலும் ஸ்கூட்டரிலும் வந்து, நடந்துவிட்டு, திரும்ப வண்டி ஏறுகின்றன. விருப்ப நடைக்கு அலங்காரம் செய்துவிட்டோம். அவசிய நடையை அப்படியே விட்டுவிட்டோம். இன்னொன்றும் உண்டு. வளாகம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பே அங்கிருந்த நடைபாதைக் கடைக்காரர்களை மாடிக் கட்டிடம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். வழி மறித்ததாக அவர்கள் மேல் குற்றச்சாட்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஜேக்கப்ஸ் அம்மையாரைக் கேட்டால், ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியே நடக்கிற பெண்ணுக்குப் பூக்கடை விளக்கை விடப் பெரிய காவல் எது என்று கேட்பார். நடைபாதையின் ஓரத்தில் அவர்களுக்கும் அளந்து இடம் விடுவதுதான் நிர்மாணம். அகற்றுவதற்கு நிபுணர் எதற்கு?

சைக்கிளைப் பற்றி ஜேக்கப்ஸ் அம்மையாரின் புத்தகம் அநேகமாக மௌனம். கேல் அறிந்த சைக்கிள், டேனிஷ் நாட்டுச் சைக்கிள். அதற்குத் தனிப்பாதை உண்டு, அதில் மந்திரியும் போவார். நமக்கு வேறொரு சைக்கிள் கதை இருக்கிறது. 1991லிருந்து புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவு வேலையோடு பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கம் அளித்தார். வயல் வேலைக்காரிகளும் கல்குவாரித் தொழிலாளிகளுமாகப் பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான சைக்கிள்கள் கிடைக்காமல் போய் ஆண்களின் சைக்கிளையே ஓட்டினார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பி. சாய்நாத் இதைத் தம் புத்தகத்தில் (1996) எழுதியிருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திராமல், தகப்பனையும் புருஷனையும் எதிர்பாராமல், தண்ணீருக்கும் சந்தைக்கும் தன் நேரத்தில் போய் வருவது என்றால் ஒரு பெண்ணுக்கு என்ன என்பதை மேற்படி இரண்டு புத்தகங்களிலும் தேடிப் பயனில்லை.

2000களின் தொடக்கத்திலிருந்து தமிழ்நாட்டு அரசாங்கம் பள்ளி மாணவிகளுக்கும் பின்பு மாணவர்களுக்கும் இலவசமாகச் சைக்கிள் கொடுத்து வருகிறது. கட்சி மாறினாலும் திட்டம் நிற்கவில்லை. வருஷா வருஷம் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கும் அரசாங்கம், அது ஓடுவதற்கு இரண்டு மீட்டர் அகலப் பாதை கொடுக்க நினைக்கவில்லை. பதினாறு வயதுப் பெண் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே பள்ளிக்கூடம் போகிறாள். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி மோதினால் மனிதர் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார். 50ஐத் தாண்டினால் பிழைப்பது வர வர அரிதாகிறது. பள்ளிக்கூடத்துச் சாலைகளில் வேகத்தைக் குறைக்கச் செலவு அதிகமில்லை. மேடும் வளைவும் போதும்.

ஐரோப்பாவில் எல்லாம் இயற்கையாக அமைந்தது என்று நினைப்பவர்களுக்கு ஹாலந்து தேசத்தை நினைவூட்ட வேண்டும். 1950களிலும் 60களிலும் அங்கேயும் காருக்காக ஊரை இடித்தார்கள். 1971ல் மட்டும் சாலைகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கு மேல் குழந்தைகள். அப்படி ஆறு வயது மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் 1972ல், 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்கள் தெருவை மறித்தார்கள். 1973ன் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. இன்று உலகம் வியக்கும் ஹாலந்தின் சைக்கிள் பாதைகள் இந்தக் கிளர்ச்சிகளுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போடப்பட்டவை. அங்கே விபத்து என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கொலை என்ற சொல்லை வைத்தவர் ஓர் எழுத்தாளர் என்பதை நான் மறக்க விரும்பவில்லை. நாம் இன்னும் விபத்து என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு புத்தகங்களில் எதைப் படிக்கலாம் என்று கேட்கும் வாசகருக்கு, முதலில் ஜேக்கப்ஸ் அம்மையாரைப் படியுங்கள் என்பேன். நல்ல நாவலைப் போல் அது உங்கள் தெருவையே உங்களுக்குப் புதிதாகக் காட்டும். பிறகு கேலைப் படியுங்கள். கண்டதை அளந்து பார்க்கப் பழக்குவார். ஆனால் இருவருமே தெருவில் நடப்பவனை ஜன்னலிலிருந்தும் ஆசனத்திலிருந்தும் பார்க்கிறார்கள். வேறு வழியில்லாமல் நடக்கிறவள் பார்வையில் எழுதிய மூன்றாவது புத்தகம் ஒன்று வேண்டும். அதற்கான விஷயம் நம்மிடம் நிறைய இருக்கிறது. எழுதப் போகிறவர் முதலில் தம் தெருவில் காலை எட்டு மணிக்கு ஒரு பெண் பள்ளிக்கூடம் போகிற வழியைப் பின்தொடர்ந்து நடக்கட்டும். அவள் எத்தனை இடத்தில் சாலையில் இறங்க நேர்கிறது, ஏன் நேர்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக்கு அதுவே போதும்.